மரங்களும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும்

அன்புள்ள ஐயா,

தாத்தா விட்டுச்சென்ற இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ஃபிலிம் போட்டு மரங்களைப் படமெடுக்கிறேன். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த தோப்பு, பிரிண்டில் ஒரே சாம்பல் குழம்பாக வந்திருக்கிறது. கேமரா பழையது என்பதாலா? பேசாமல் டிஜிட்டலில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேமராவின் மேல் பழி போட வேண்டாம். தளிரின் பச்சையையும் முற்றிய இலையின் பச்சையையும் அடிமரத்தின் பழுப்பையும் உங்கள் கண் நிறத்தால் பிரித்துப் பார்த்தது. ஃபிலிமோ வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அறியும் என்பதால், ஒரே அளவு ஒளியைத் திருப்பும் இலையும் பட்டையும் அதில் ஒரே சாம்பலாகத்தான் பதியும். போதாக்குறைக்கு, நம் கண் பச்சையை உணரும் அளவுக்குப் பான்குரோமேட்டிக் ஃபிலிம் (எல்லா நிற ஒளியையும் பதியும் வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிம்) அதை உணர்வதில்லை. இலைகள் நாம் நினைப்பதைவிடக் கறுத்துவிடுகின்றன.

லென்ஸின் முன் மாட்டும் மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டர் (நிறக் கண்ணாடி) இதை ஓரளவு சரிசெய்யும். சிவப்பு ஃபில்டரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். 1927-இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறைக்குப் பின்னால் வானத்தைக் கறுக்கவைத்தது அதைக் கொண்டுதான். ஆனால் அது பாறை. மரத்தடி நிழலுக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் நீல வானம். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுப்பதால் நிழல் முழுவதும் மையாகிவிடும்.

ஃபில்டரைவிட முக்கியம், வெளிச்சம் வரும் திசை. உச்சிவெயிலில் தோப்புக்குள் விழும் ஆயிரம் ஒளித்திட்டுகள் மரத்தின் உருவத்தையே கலைத்துவிடும். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது அதே அடிமரத்தைப் பாருங்கள்: பட்டையின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு விளிம்பு வெளுத்தும் மறு விளிம்பு கறுத்தும் நிற்கும். பனிமூட்டம் இன்னும் நல்லது. அருகிலுள்ள மரம் கறுப்பாகவும் பின்னாலிருப்பவை படிப்படியாக வெளுத்தும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழவிடும் வெளிச்சத்தின் அளவு. ஒளியை அளக்கும் மீட்டர் வானத்தையும் சேர்த்து அளந்தால் அடிமரத்துக்கு வெளிச்சம் போதாமல் போகும். நெகடிவில் பதியாத நிழலை இருட்டறையில் எவராலும் மீட்க முடியாது. மரத்தருகே சென்று, விவரம் தெரிய வேண்டிய நிழற்பகுதியை மட்டும் அளந்து, அந்த அளவிலிருந்து 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). மீட்டர் எதை அளந்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், நிழலோ அதைவிடக் கறுப்பாக இருக்க வேண்டும். ஃபில்டர் மாட்டியிருந்தால் அது விழுங்கும் வெளிச்சத்தையும் ஈடுகட்ட வேண்டும்.

பழமையால் பெரும்பாலும் வரும் குறைகள் இரண்டு. ஒளிச்சிதறலைக் குறைக்கும் மேற்பூச்சில்லாத பழைய லென்ஸ் எதிர்வெளிச்சத்தில் படத்தை வெளிறச்செய்யும். லென்ஸுக்கு நிழல் தரும் ஒரு ஹூட் மாட்டுங்கள். மசகு காய்ந்த ஷட்டரில் மெதுவான வேகங்கள் இழுத்துக்கொண்டே நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

டிஜிட்டலில் எடுத்து மாற்றுவதில் குற்றமொன்றும் இல்லை. எந்தப் பச்சை எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதை அங்கே பிறகு முடிவுசெய்யலாம். ஃபிலிமில் அதை மரத்தடியிலேயே முடிவுசெய்ய வேண்டும். அந்தக் கட்டாயம் எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்குச் சுமையாகத் தோன்றினால் தயங்காமல் மாறிவிடுங்கள். தொடர்வதாயின், அடுத்த ரோலின் 12 படங்களுக்கும் அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம், ஃபில்டர், வெயிலின் திசை ஆகியவற்றை எழுதிவைத்து நெகடிவ்களோடு அனுப்புங்கள். குறை எக்ஸ்போஷரிலா டெவலப் செய்ததிலா என்று பார்த்துச் சொல்கிறேன்.