ஓட்டுப் போட்ட மறுநாள் என்ன செய்ய? – கேள்வி பதில்

ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருஷம் ஊராட்சிக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேர்தல், கிராம சபை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ராதாபுரம் பக்கத்துத் தம்பி: என் ஒரு ஓட்டால என்ன ஆகிரப் போகுது அண்ணாச்சி?

உங்க ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா? 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசமே 49 ஓட்டுதான். தபால் ஓட்டில் 203 செல்லாது என்று தள்ளினார்கள். சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது காரணம். வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஓட்டைவிட எனக்கு இந்தத் தாமதம்தான் பெரிய கவலை.

களக்காடு: நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தா, சட்டசபைக்கு மறுதேர்தல் வருமா?

வராது. வேட்பாளர்களில் யார் கூட வாங்கினாரோ அவர்தான் ஜெயித்தவர்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: குடவோலை முறை இருந்ததால ஜனநாயகம் நமக்குப் பழசுன்னு சொல்றாங்களே சார்?

குடவோலைக்கு உத்திரமேரூர் போக வேண்டும். நம்ம நெல்லைக்குப் பக்கத்திலேயே, சங்கரன்கோவில் ரோட்டில் மானூர் இருக்கிறதே, அங்கே அதற்கும் நூறு வருஷம் மூத்த பாண்டியர் கல்வெட்டு உண்டு. சபையில் யார் உட்காரலாம் என்று விதி போட்டிருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் குறுக்கே நின்று ‘இல்லை, இல்லை’ என்று மறிக்கிறவருக்கு 5 காசு தண்டம்! இன்றைய சட்டசபைக்கு வைத்தால் கஜானா நிரம்பும். ஆனால் தாயி, அந்தச் சபையில் உட்கார ஊரில் பங்கும் வேதப் படிப்பும் வேண்டும். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை. விதி எழுதி நடத்திய ஒழுங்கைப் பாராட்டுவோம், அதை ஜனநாயகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுரண்டை: எங்க ஊர்ல ஊராட்சித் தலைவர் ஒரு அக்கா. நாற்காலியில உட்கார்றது அவங்க வீட்டுக்காரர். அப்புறம் எதுக்கு பெண்களுக்கு இந்த 50 சதவீத இட ஒதுக்கீடு?

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காரலாம், காசோலையில் கையெழுத்துப் போட முடியாது. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து போட வேண்டும். பேனா அந்த அக்கா கையில்தான். அதை அவர் உணர்கிற அன்றைக்கு வீட்டில் சண்டை வரும், வரட்டும். தானே நின்று நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்ம பக்கமே சாட்சி இருக்கிறது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டார், பிழைத்தது பெரிய காரியம். தலித் பெண் ஒருவர் யாருக்கும் வளையாமல் நிர்வாகம் செய்ததைச் சிலருக்குத் தாங்க முடியவில்லை.

அம்பாசமுத்திரம்: உள்ளாட்சித் தேர்தலே நடத்தாம இருந்தாங்களே, அது சட்டப்படி சரியா அண்ணாச்சி?

ஐந்து வருஷம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தியிருக்க வேண்டும், அரசியல் சாசனம் அப்படித்தான் சொல்கிறது. நம்ம மாவட்டத்து ஊராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் 2021 அக்டோபரில். இட ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை, தென்காசி தனி மாவட்டம் என்று ஆளுக்கொரு காரணம். ஒரு முழுப் பதவிக்காலம் தனி அலுவலர் கையில் போனது.

கடையம்: கிராம சபையில பேசி என்ன பிரயோசனம்? கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுறாங்க.

உண்மைதான், மறைக்க மாட்டேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். ஐந்நூறுக்கு மேல், மூவாயிரம் பேருக்குள் உள்ள ஊரென்றால் நூறு பேராவது வர வேண்டும். அதற்காக நூறு நாள் வேலைக்காரர்களை வேனில் ஏற்றி வந்து, மினிட் புத்தகத்தில் பக்கத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்து வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். காலிப் பக்கத்தில் போடாதீர்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க மறுத்தால் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாள் கெடு.

ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஆகஸ்ட் 15 கூட்டம். வேப்பமரத்தடியில் செயலாளர் கடகடவென்று வாசித்துக்கொண்டு போனார். தண்ணித் தொட்டி மோட்டார் எரிந்து புதுக் காயில் கட்டியது, மறுபடி காயில் கட்டியது, இன்னொரு தடவை காயில் கட்டியது. முன்வரிசையில் முட்டாய்க்காக உட்கார்ந்திருந்த ஆச்சி கையைத் தூக்கினாள். “ஏய்யா, மோட்டார் மூணு தரம் எரிஞ்சிருக்குன்னு சொல்லுதீய. தண்ணி ஒரு தரம்தான நின்னுச்சு? குடத்தத் தூக்கிட்டு வயக்காட்டுக் கிணத்துக்கு நடந்தவ நாந்தான், எனக்குத் தெரியாதா?”

செயலாளர் என்னைப் பார்த்தார். அந்த மூன்று பில்லிலும் பச்சை மையில் டிக் அடித்தவன் நான்தான்.