பழைய பிக்கப்: என்ன விலைக்குக் கேட்கலாம்?

கேள்வி: 15 வருடப் பழைய பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். அதே மாடலுக்கு ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். நியாயமான விலையை எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் அதே மாடல், அதே இன்ஜின், இரண்டு வருடம் முன்பின்னான வண்டிகள் எட்டுப் பத்தின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் அடித்துவிடுங்கள். வாரக்கணக்கில் விற்காமல் கிடக்கும் வண்டிகளையும் சேர்க்காதீர்கள். அந்த விலைக்கு ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டதே. மீதி உள்ளவற்றின் நடுவில் நிற்பது சொல்லும் விலை. கைமாறும் விலை அதற்குக் கீழேதான் இருக்கும்.

அந்த விலையும் நாளைக்கே லோடு ஏற்றக்கூடிய வண்டிக்கானது. நீங்கள் பார்த்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். நல்ல வண்டியின் விலை 100 என்று வையுங்கள். ஸ்டெப்னியோடு 5 டயருக்கு 10, கிளட்ச் செட் கூலியோடு 7, பின் ஸ்பிரிங் வேலைக்கு 4, பிரேக்குக்கு 3 என்றால் செலவு 24. பழைய வண்டியில் ஒன்றைக் கழற்றினால் பக்கத்தில் இன்னொன்று கையோடு வரும். அதனால் செலவின் மேல் கால் பங்கு சேர்த்து 30 ஆக்குங்கள். 70-க்கு மேல் போக வேண்டாம். இவை கணக்குக் காட்ட எடுத்த எண்கள்தான்; உண்மையான தொகையை உதிரிபாகக் கடையிலும் மெக்கானிக்கிடமும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும், டயர் விலையும் கிளட்ச் விலையும் இறங்காது. ஆகவே 15 வருட வண்டியில் மாடல் வருடம் ஒன்றிரண்டு கூடக் குறைய இருப்பது பெரிய விஷயமே இல்லை. வண்டியின் நிலைதான் விலை. “இப்போதுதான் புது டயர் போட்டேன்” என்று விற்பவர் சொன்னால், டயருக்காகக் கழிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். அதற்காக 100-க்கு மேல் ஏற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

விற்பதற்கு முன்பு அடித்த பெயின்ட் என்றால் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. பிக்கப்பில் எல்லாவற்றையும் மாற்றலாம். சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், போனால் வண்டியே போனது.

ஒரு சின்னச் சுத்தியல், திருப்புளி, டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். பின் ஹவுசிங்குக்கு (பின் அச்சின் கூடு) மேலே சேஸிஸ் வளைந்து போகும் இடம், ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டங்கள், கேபினுக்கு நேர் பின்பக்கம் ஆகிய நான்கு இடங்களையும் விடாமல் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டங்’கென்று அதிரும். உளுத்த இடம் ‘டொக்’கென்று அடங்கிவிடும். அங்கே திருப்புளியை வைத்து அழுத்துங்கள். அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்தால் அதற்குள் கனம் மிச்சமில்லை. பெட்டி வடிவச் சேஸிஸ் என்றால் தண்ணீர் வடியும் ஓட்டையில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரச்சேறு தங்கியிருந்தால் துரு வெளியில் தெரியாமல் உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும். மேலாகப் படிந்த செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம், அது தேய்த்தால் போய்விடும். தகடு வைத்து வெல்டிங் செய்த இடம் வேறு கதை. ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில் அப்படித் தகடு இருந்தால் நான் மேற்கொண்டு பேசவே மாட்டேன்.

அடுத்து, சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கேபினின் பின்சுவருக்கும் லோடு பாடியின் முன்சுவருக்கும் இடையே உள்ள சந்து மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே ஒடுங்கினால், பின்னால் அளவுக்கு மீறி ஏற்றியதில் சேஸிஸ் தொய்ந்திருக்கலாம். கேபின் ரப்பர் புஷ் நசுங்கினாலும் சந்து மாறும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பிளேட் செருகியிருப்பது, பிளேட்டுகள் வளைவு போய்த் தட்டையாகக் கிடப்பது, மேலே உள்ள முட்டு ரப்பர் சிதைந்திருப்பது எல்லாம் அதிக லோடு அடித்த வண்டி என்பதைக் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஹவுசிங் பேரிங், கிளட்ச், பிரேக் எல்லாமே பங்குக்குத் தேய்ந்திருக்கும்.

சேஸிஸ் போன வண்டியை வாங்கியே தீர வேண்டுமானால், இன்ஜின், கியர்பாக்ஸ், ஹவுசிங், வீல் இவற்றைத் தனித்தனியாக விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அதன் விலை.

கேள்வி: டீசல் வண்டி. இன்ஜின் சத்தம் நன்றாகவே இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார்கள் என்று பொருள், ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா, முதலில் என்ன புகை வருகிறது என்பதைச் சூடான வண்டியில் கண்டுபிடிக்க முடியாது.

நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது: ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அல்லது ஹெட்டிலேயே விரிசல். முடுக்கும்போது கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். அது ஏர் ஃபில்டரோடு முடிந்தாலும் முடியும், இன்ஜெக்டர் வரைக்கும் இழுத்தாலும் இழுக்கும்.

இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே ஓட்டையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. மூடியைத் தூக்கி எறிந்தாலோ, குபுகுபுவென்று புகை வந்தாலோ பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரான போரும் தேய்ந்துவிட்டன. சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முழு இன்ஜின் வேலைக்கான தொகையைக் கழியுங்கள். மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். குறுந்தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் இது வரும் என்பதால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் சேர்த்துப் பாருங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது மட்டும் குறையே இல்லை.

டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்கும் பெல்ட்) உள்ள இன்ஜினா என்று கேளுங்கள். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் எழுதுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் பெரும்பாலான டீசல் இன்ஜினில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

கேள்வி: 18 வருட வண்டியில் மீட்டர் 62,000 கி.மீ. காட்டுகிறது. நம்பலாமா?

மீட்டரில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். 5 இலக்கம்தான் என்றால் 99,999-க்குப் பிறகு மீண்டும் பூஜ்யத்திலிருந்து வரும். 1,62,000 ஆகவும் இருக்கலாம். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் நைந்திருந்தால் 62,000 இல்லை. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகம். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். ரசீதே இல்லாத வண்டிக்கு மீட்டரை வைத்து ஒரு காசு கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் இரைந்து வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் ஸ்லிப். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ‘கரக்’ என்றால் கியர்கள் இடிக்காமல் சேரவைக்கும் சிங்க்ரோ தேய்வு. காலை எடுத்து எடுத்து மிதிக்கும்போது அடியில் ‘டக்’ என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட், அது சின்னச் செலவு. குறிப்பிட்ட வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்டால் பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரம், அது பெரிய செலவு. முடிந்தால் பாதி லோடு ஏற்றி ஓட்டுங்கள். வெறும் வண்டியில் எல்லாப் பிக்கப்பும் நன்றாகத்தான் போகும்.

கேள்வி: டயரில் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறது. கழிக்கலாமா, வேண்டாமா?

பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பத்து வருடம் ஆன டயருக்குப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் புது டயர் விலையைக் கழியுங்கள்.

கேள்வி: சேஸிஸ் நம்பரில் ஓர் இலக்கம் பதிவுச் சான்றோடு ஒத்துவரவில்லை. “டைப்பிங் தவறு” என்கிறார் விற்பவர். விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

கேட்காதீர்கள். அவரே திருத்தி வாங்கி வரட்டும், பிறகு விலை பேசலாம். நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் முன்பணம் கூடக் கொடுக்க வேண்டாம்.