போட்டோவில் இருக்கும் பச்சை மலையில் இல்லை

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது 9-வது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் எடுத்த போட்டோவை வைத்து அக்ரிலிக்கில் வரைந்தேன். பக்கத்து மலையும் தூரத்து மலையும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கின்றன. பச்சை பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. அன்றைக்குச் சரியாக இருந்த கலர் மறுநாள் கருத்துவிடுகிறது. எங்கே தப்பு?"

கையில் தப்பு இல்லை, போட்டோவை அப்படியே நம்பியதுதான் தப்பு. வெயிலில் பளீரென்று இருக்கும் வானத்தையும் மலையின் நிழலையும் நம் கண் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும், கேமராவால் அது முடியாது; ஒன்று வானம் வெளுத்துப்போகும், இல்லையென்றால் நிழல் கரியாகிவிடும். இப்போதைய போன்கள் பல படங்களைச் சேர்த்து இதைச் சரிக்கட்டுகின்றன, அப்படிச் செய்யும்போது பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் தூக்கிவிடுவதும் உண்டு. அந்தப் பச்சையைத்தான் நீங்கள் உண்மையாக உழைத்து நகலெடுத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு மலை பக்கத்திலேயே இருக்கிறது, அது பெரிய கொடுப்பினை. ஒரு வெள்ளை அட்டையில் அரை அங்குலத்துக்கு ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டை வழியாகத் தூரத்து மலையை மட்டும் பாருங்கள். மரம் மூடிய மலை என்று மனதுக்குத் தெரிவதால் பச்சை என்று நினைத்துக்கொள்கிறோம், ஓட்டைக்குள் தெரிவதோ சாம்பல் கலந்த நீலம். நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருவது இது, அதிலும் முதலில் வெளுப்பது நிழல்தான். பக்கத்து மரத்தடியில் இருக்கும் கருமை தூரத்து மலையின் எந்தப் பள்ளத்திலும் இருக்காது. உங்கள் படத்தில் மலைகள் ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம், எல்லா மலைக்கும் ஒரே கருமையில் நிழல் வைத்திருப்பீர்கள்.

அங்கேயே உட்கார்ந்து முழுப்படம் வரைய வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுத் தாளில் இருபது நிமிடம் போதும்: வானம், தூரத்து மலை, நடு மலை, காலடிச் செடி, நாலே நாலு கலர்த் திட்டு. பக்கத்தில் "காலை 8 மணி, வெயில் இடதுபக்கம்" என்று எழுதிவிடுங்கள். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், அதைத் துரத்த வேண்டாம், முதலில் பார்த்ததே கணக்கு. அப்புறம் போட்டோ எடுங்கள், போன் திரையில் வானத்தைத் தொட்டு ஒன்று, நிழலைத் தொட்டு ஒன்று. கொஞ்சம் ஜூம் செய்து ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போனின் அகல லென்ஸ் தூரத்து மலையைக் குட்டையாக்கிவிடும். வீட்டுக்கு வந்தபின் வடிவத்துக்கு போட்டோ, கலருக்கு அந்தத் தாள்.

ட்யூபில் வரும் பச்சையை நேராகப் பூசாதீர்கள். அல்ட்ராமெரைன் நீலம், லெமன் யெல்லோ, கூடவே துளி பர்ன்ட் சியன்னா. அந்தப் பழுப்பு சேர்ந்தால்தான் பச்சைக்கு உயிர் வருகிறது. தேயிலைச் சரிவென்றால் வெயில் படும் மேல்பக்கத்துக்கு மஞ்சளைக் கூட்டுங்கள், வரிசைகளுக்கு நடுவே இருக்கும் இருட்டுக்கு நீலத்தையும் பழுப்பையும் கூட்டுங்கள். தூரத்து மலைக்கு அல்ட்ராமெரைனும் வெள்ளையும் பர்ன்ட் சியன்னாவும், பச்சை பெயருக்குத்தான்.

கலர் கருப்பது அக்ரிலிக்கின் குணம். ஈரமாக இருக்கும்போது அதன் பசை பால்போல வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், அந்த வெள்ளை போனதும் கலர் ஒரு படி இறங்கிவிடுகிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு, அதற்கேற்றபடி கொஞ்சம் வெளிராகக் கலந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலில் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். டப்பாவில் ஈர டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில் கலந்தால் நெடுநேரம் தாங்கும். தண்ணீரை ஊற்றி ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள், பசை பலமிழந்து பெயின்ட் சரியாக ஒட்டாமல் போகும்.

இப்போது வரைந்திருக்கும் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது, அதனால் மேலே தைரியமாகப் பூசலாம். கிளேசிங் மீடியத்தில் (பெயின்டை அடியில் இருப்பது தெரியும்படி மெல்லிசாக்கும் நிறமற்ற பசை) துளி வெள்ளை, துளி அல்ட்ராமெரைன் கலந்து, கடைசி மலையின்மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் அதற்கு முந்தைய மலையையும் சேர்த்து இன்னொன்று. காலடிச் செடியைத் தொடாதீர்கள். மூன்றாவது பூச்சுக்குள் மலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பிக்கும்.