உப்புத் தண்ணீர், தேங்கும் மழை, டிசம்பர் காற்று: வடசென்னை வீட்டுக்கு எந்த மரம்?

கேள்வி: திருவொற்றியூரில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. அரை கிரவுண்டு மனை, மேற்குப் பார்த்த வாசல். முன்னால் எட்டு அடி, பின்னால் நான்கு அடி இடம் இருக்கிறது. வாசலில் நின்ற குல்மோகர் 2016 வர்தா புயலில் வேரோடு சாய்ந்தது. அதற்கப்புறம் எதுவும் வைக்கவில்லை. போர் தண்ணீர் உப்பு. 2023 டிசம்பர் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாயங்கால வெயிலில் முன் அறையில் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "கோனோகார்பஸ் வையுங்கள், சீக்கிரம் பச்சைச் சுவர் மாதிரி ஆகிவிடும்" என்கிறார். மனைவிக்கு மாமரம் வேண்டும், அம்மாவுக்குப் பூஜைக்குப் பூ வேண்டும். இணையத்தில் செடி விற்கிறவர்கள் 'ஜோன் 11 முதல் 13 வரை' என்று போடுகிறார்களே, அதைப் பார்த்து வாங்கலாமா?

பதில்: ஜோன் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது அமெரிக்க வேளாண்துறை வகுத்தது. குளிர்காலத்தில் ஓர் ஊரின் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கும், அந்தக் குளிரைச் செடி தாங்குமா என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. உறைபனி விழும் ஊர்க்காரர்களுக்கு அது மிகவும் முக்கியம். நமக்கு மார்கழி விடியலில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே குளிர்தான். அந்தக் குளிரில் இங்கே எந்த மரமும் சாகாது. வடசென்னையில் மரம் சாவது உப்பால், தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதால், புயல் காற்றால், அப்புறம் வேர் ஓட இடமில்லாததால். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட ஜோன் எண் பதில் சொல்லாது. அதனால் மரத்தின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் தண்ணீரையும் மண்ணையும் பாருங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. போர் தண்ணீரை ஒருமுறை இப்போதும், இன்னொருமுறை மே மாதத்திலும் சோதியுங்கள். கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது கடலோரத்தில் உப்பு ஏறும். உங்கள் மரம் குடிக்கப்போகும் மோசமான தண்ணீர் அதுதான். அளவு ஆயிரத்துக்குள் இருந்தால் பெரும்பாலான மரங்கள் சமாளிக்கும். இரண்டாயிரத்தைத் தாண்டினால் உப்பைத் தாங்கும் மரங்களை மட்டும் நினையுங்கள்.

அடுத்து, மரம் வைக்கப்போகும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கடலோர மணல் என்றால் உடனே இறங்கிவிடும். மணலி, கொடுங்கையூர் பக்கத்துக் களிமண்ணில் அப்படி இறங்காது. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே மேடு கட்டாமல் எதையும் நடக்கூடாது. குழி எடுக்கும்போது செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ் வரும். வீடு கட்டிய காலத்தில் ரப்பீஷ் கொட்டித்தான் மனையை உயர்த்தியிருப்பார்கள். எண்ணூர், மணலி சுற்றுவட்டாரத்தில் 2023 வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. உங்கள் வாசலில் அந்தக் கறுப்புப் பிசுக்கு படிந்திருந்தால் மேல்மண்ணை ஓர் அடிக்கு வாரி அப்புறப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சாய்ந்த குல்மோகரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதே கதை திரும்ப நடக்கக்கூடாது. வர்தாவில் சென்னை முழுக்க விழுந்தவற்றில் குல்மோகர், தூங்குமூஞ்சி, இயல்வாகை மாதிரி வெளியிலிருந்து வந்த மரங்கள் நிறைய. குல்மோகரின் சொந்த ஊர் மடகாஸ்கர், தூங்குமூஞ்சியின் ஊர் தென் அமெரிக்கா. வேகமாக வளர்ந்து குடையாக விரிந்து நல்ல நிழல் தருபவைதான். ஆனால் கிளை வலுவில்லாதது, வேர் மேலாகப் படருவது. அந்தப் பெரிய தலையில் காற்று மோதினால் பிடித்து நிறுத்த அடியில் எதுவும் இல்லை. அதற்காக முழுப் பழியையும் மரத்தின் மேல் போடவும் முடியாது. தெருவில் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் போடுகிறார்கள். காற்று அடிக்கும் பக்கத்து வேர்தான் மரத்தைக் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கிறது. அது போய்விட்டால் வேம்பும் சாயும், பூவரசும் சாயும். உங்கள் புது மரத்தைச் சுற்றிக் குறைந்தது நான்கடிக்கு நான்கடி மண் திறந்திருக்கட்டும். வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து அந்தச் சதுரத்தை விட்டுவிடுங்கள்.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். அது வேகமாக வளரும், உப்பைத் தாங்கும், இரண்டும் உண்மை. ஆனால் அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள்ளும் சம்ப்புக்குள்ளும் நுழைந்துவிடும். மகரந்தத்தால் மூச்சுத் தொந்தரவு வருவதாகப் புகார்கள் எழுந்து, குஜராத் அரசு 2023இல் இதை நடத் தடை போட்டது. தமிழ்நாடும் பின்னர் தடை செய்தது. நர்சரியில் வேறு பெயர் சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள்.

சரி, எதை வைப்பது? எட்டடி வாசலுக்கு என் தேர்வு மகிழம்.

உங்கள் ஊர்த் தியாகராஜர் கோயிலின் தலமரமே மகிழம்தான். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில் என்பார்கள். மாசியில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. நான் இதைச் சொல்வது பக்திக்காக மட்டுமல்ல. அந்தக் கடற்காற்றிலும் அந்த மண்ணிலும் காலங்காலமாகப் பழகிய மரம் அது. இலை தடித்து, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். உப்புக் காற்றும் ஆலைத் தூசியும் அதைச் சட்டென்று கருக்காது, ஒரு மழையில் கழுவிக்கொண்டுவிடும். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். மரம் உறுதி, தலை உருண்டையாக அடக்கமாக இருக்கும். வருடா வருடம் வெட்டி அடக்கவேண்டிய வேலை இல்லை. மழைத்தண்ணீர் சில நாள் நின்றாலும் பொறுத்துக்கொள்ளும். அம்மாவுக்குப் பூவும் ஆயிற்று. விடியற்காலையில் கீழே உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கி அப்படியே நூலில் கோக்கலாம், நடுவில் துளை இருக்கிறது. வாடினாலும் வாசனை போகாது.

இதில் ஒரே குறை, மெதுவாக வளரும். நிழல் என்று சொல்லும்படி ஆக ஐந்தாறு வருடம் பிடிக்கும். அதுவரை மேற்கு வெயிலுக்கு முன் ஜன்னல் பக்கம் கம்பி கட்டி ஒரு கொடி ஏற்றிவிடுங்கள். சங்குப்பூ, அவரை, கோவைக்காய் எதுவாக இருந்தாலும் ஒரே பருவத்தில் ஜன்னலை மறைத்துவிடும். கொடியைத் தொட்டியில் வைத்தால் மரத்தின் வேரோடு போட்டி வராது.

எல்லாரும் முதலில் சொல்லும் புங்கனை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். புங்கன் அருமையான மரம். உப்பு, தேங்கும் தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் தாங்கும், கோடைக்கு முன்னால் புது இலை விட்டுக் கத்திரி வெயிலில் குளுகுளு என்று நிற்கும், மூன்று நான்கு வருடத்தில் நிழல் தரும். ஆனால் இருபது அடிக்கு மேல் பரவும். எட்டடி வாசலில் வைத்தால் ஒரு பக்கம் உங்கள் மொட்டை மாடி, மறுபக்கம் ஈபி ஒயர். வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து பாதி மரத்தைக் கழித்துவிட்டுப் போவார்கள், அப்படி ஒருபக்கமாக வெட்டுப்பட்ட மரம்தான் அடுத்த புயலில் சாயும். மனை பெரிதாக இருப்பவர்கள், எதிரே ஒயர் இல்லாதவர்கள் தயங்காமல் புங்கன் வைக்கலாம். இலையில் சின்னச் சின்ன முடிச்சு வந்தால் பயப்படாதீர்கள். அது ஒருவகைச் சிலந்திப்பேன் செய்யும் வேலை, மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மருந்தடிக்கத் தேவையில்லை.

பூவரசும் புன்னையும் கடலோரத்தின் சொந்தப் பிள்ளைகள். பூவரசு வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் சீக்கிரம் மரமாகும், ஆனால் ஆணிவேர் இருக்காது. புயல் வரும் ஊரில் விதையிலிருந்து வந்த கன்றுதான் நல்லது. புன்னை நெய்தல் நிலத்து மரம், உப்புக் காற்றை அதைவிட நன்றாகத் தாங்கும் மரம் குறைவு. கடலைப் பார்த்த காலி இடமோ பள்ளி மைதானமோ இருந்தால் அதைத்தான் வைக்கச் சொல்வேன். நாட்டு வாதுமையும் உப்பைத் தாங்கும், ஆனால் பெரிய இலை கொத்தாக உதிர்ந்து வடிகாலை அடைக்கும். வேம்புக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, உங்கள் வாசலுக்குச் சரிவராது. முருங்கைக்கும் அதேதான். ஆலும் அரசும் வீட்டு மதில் ஓரத்தில் வேண்டாம்.

மாமரத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தத் தண்ணீரில் தரையில் மா வேண்டாம். உப்புத் தண்ணீர் குடிக்கும் மாங்கன்றின் இலையைப் பார்த்திருப்பீர்கள். நுனி முதலில் பழுப்பாகக் காயும், அப்புறம் அந்தக் காய்ச்சல் ஓரமாகவே மேலேறும், நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிச்சமிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குடம் போர் தண்ணீரை ஊற்றுவோம். ஊற்ற ஊற்ற உப்பு சேரும், ஒரு கோடை முடிவதற்குள் கன்று நின்ற நிலையில் காய்ந்துவிடும். எலுமிச்சைக்கும் இந்தக் கதிதான்.

ஆனால் ஆசையை விடவேண்டாம். மாடியில் பாதியாக வெட்டிய பெரிய டிரம்மில் ஒட்டு மா வைக்கலாம். தசேரியையும் நீலத்தையும் சேர்த்து உருவாக்கிய ஆம்ரபாலி குட்டையாக வளரும், டிரம்முக்கு ஏற்றது. ஈர மண்ணோடு அந்த டிரம் நூறு கிலோவுக்கு மேல் வரும், ஆகவே கீழே பீம் போகும் இடமாகப் பார்த்து வையுங்கள். தண்ணீர் பிடித்து வைத்த மழைநீராகவோ ஏசியிலிருந்து சொட்டும் நீராகவோ இருக்கட்டும். ஏசித் தண்ணீரில் உப்பே இருக்காது. நம் புழுக்கத்தில் ஒரு ஏசி ஓடினால் ஒரு இரவுக்குச் சில லிட்டர் சேரும், அதைச் சுவரில் வழியவிடுவது பெரிய வீண். ஆனால் ஆர்ஓ மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்றாதீர்கள். உள்ளே போனதைவிட அதிக உப்போடுதான் அது வெளியே வருகிறது.

பின்பக்க நான்கடியில் மரம் வேண்டாம். ஒரு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி போதும், தினமும் பூ கிடைக்கும். அங்கேதான் செப்டிக் டேங்க் இருக்கிறது என்றால் தொட்டியிலேயே வளருங்கள்.

இனி நடும் வேலை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மரத்துக்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் வைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். உங்கள் வாசல் வருடா வருடம் மூழ்குவதாக இருந்தால் மட்டும் தை வரை பொறுத்து, தண்ணீர் வடிந்ததும் வையுங்கள். அப்படி வைத்தால் முதல் கோடையைத் தாண்டவைப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ரப்பீஷை முழுவதும் அகற்றுங்கள். செம்மண்ணும், எடுத்த மண்ணில் சுத்தமானதும், மக்கிய மாட்டு எருவும், இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடிக்கு மேடு கட்டி அதன்மேல் கன்றை வையுங்கள். மேட்டின் சரிவைக் கருங்கல்லால் அணைத்தால் மழையில் கரையாது. மேடு இருந்தால்தான் வடகிழக்குப் பருவமழை, கோடையில் சேர்ந்த உப்பை வேரிலிருந்து கீழே கழுவிக்கொண்டு போகும்.

செங்குன்றம் பக்கம் நர்சரிக்குப் போனால் பத்தடிக் கன்றைக் காட்டி அதிக விலை சொல்வார்கள். சின்னப் பையில் அவ்வளவு உயரம் நின்றால் உள்ளே வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். அது பிறகும் விரியாது. அப்படிப்பட்ட மரம் பத்து வருடம் கழித்துக்கூடக் காற்றில் கழன்று வரும். நான்கடி உயரத்தில், அடித்தண்டு தடித்த கன்றாகக் கேளுங்கள். பையைப் பிரித்ததும் சுருண்ட வேர் கண்ணில் பட்டால் கத்தரித்துவிட்டு நடுங்கள்.

முதல் இரண்டு கோடைக்கு மேட்டின்மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. வெயிலில் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் நிதானமாக ஊற்றினால் வேர் ஆழத்துக்கு இறங்கும். கன்றுக்கு முட்டுக்கொடுக்கும் குச்சியைத் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு காற்றில் கொஞ்சம் ஆடவேண்டும், ஆடினால்தான் அடி தடிக்கும். ஒரு வருடம் ஆனதும் குச்சியை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்து புரட்டாசியில் ஒருமுறை உள்ளே நெருங்கிய கிளைகளை மட்டும் கழித்துக் காற்றுப் போக வழி செய்யுங்கள். உச்சியை மட்டும் யார் சொன்னாலும் வெட்டவிடாதீர்கள்.