ஆர் மார்க்டவுனில் பிடிஎஃப் எடுத்தால் படங்கள் எல்லாம் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவது ஏன்?

ஆர் மொழி நிரலையும் எழுத்தையும் சேர்த்து அறிக்கையாக்கும் ஆர் மார்க்டவுனில் பிடிஎஃப் எடுத்தபோது, ஆறாவது படத்திலிருந்து எல்லாமே கடைசியில் போய்க் குவிந்துவிட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். படங்களுக்குக் கேப்ஷன் கொடுத்து, படம் எங்கே வரவேண்டும் என்று சொல்லும் ‘ஃபிக் பாஸ்’ (fig.pos) என்ற அமைப்பில் சின்ன எழுத்து எச் (h) போட்டிருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மாதாமாதம் 22 படங்களோடு ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் தரவில் புதிய பிரிவுகள் வந்ததால் ஒன்பதாவது படத்தின் உயரத்தைக் கூட்டினேன். ராத்திரி நேரம், முதல் சில பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் கூட்டத்தில் திறந்தால், ‘கீழே உள்ள படத்தில் காணலாம்’ என்ற வரிக்குக் கீழே அடுத்த பத்தி இருக்கிறது. படம் எங்கேயோ கடைசியில். ‘எண்களையாவது சரிபார்த்தீர்களா?’ என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். எண்களில் ஒரு தவறும் இல்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

நடந்தது இதுதான். கேப்ஷன் கொடுத்ததும் படம் மிதக்கும் படமாகிவிடும். அதை எங்கே வைப்பது என்பதை, பிடிஎஃப் பக்கங்களை அமைக்கும் மென்பொருளான லேடெக் முடிவு செய்யும். தனியாகச் சின்ன எச் போட்டால், ‘இங்கே, இல்லாவிட்டால் பக்கத்தின் மேலே’ என்று லேடெக் அதை மாற்றிக்கொள்ளும். பக்கத்தின் மேற்பகுதியில் படங்கள் 70 சதவீதம் வரைதான் இருக்கலாம், 20 சதவீதமாவது எழுத்து வேண்டும் என்பவை அதன் இயல்பான வரம்புகள். என் ஒன்பதாவது படம் பக்கத்தில் 85 சதவீதம். தனிப் பக்கத்தில் வைக்கவும் நான் அனுமதி தரவில்லை. அது எங்கும் உட்கார முடியாமல் நின்றது. படங்கள் வரிசை மாறக்கூடாது என்பதால் பின்னால் வந்த 13 படங்களும் அதற்காகக் காத்திருந்து, ஆவணம் முடிந்ததும் மொத்தமாகக் கொட்டின.

சரி, தீர்வு. கோப்பின் தொடக்கத்தில் வரும் ‘ஹெடர் இன்குளூட்ஸ்’ (header-includes) பகுதியில் லேடெக்கின் ‘ஃப்ளோட்’ (float) என்ற துணைத் தொகுப்பை, அதாவது பேக்கேஜைச் சேர்த்து, ஃபிக் பாஸில் பெரிய எழுத்து எச் (H) போடுங்கள். படம் அதன்பின் மிதக்காது. மீதமுள்ள இடத்தில் கொள்ளவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகும், முந்தைய பக்கத்தில் வெள்ளை இடம் விழும். அந்த இடைவெளி பிடிக்காதவர்கள் ‘பிளேஸ்இன்ஸ்’ (placeins) பேக்கேஜை அதன் ‘செக்‌ஷன்’ (section) தேர்வோடு பயன்படுத்தலாம்; அது படங்களை அந்தந்தப் பிரிவைத் தாண்டவிடாது.

எல்லாவற்றுக்கும் பெரிய எச் போடுவது அழகில்லை என்று அச்சுக்கோப்பு தெரிந்தவர்கள் சொல்வார்கள். புத்தகத்துக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. படத்தையும் அதற்கான பத்தியையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிற அறிக்கைக்கு எனக்குப் படம் இருக்கும் இடம்தான் முக்கியம். அதோடு ‘கீழே உள்ள படம்’ என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். படத்தின் எண்ணைத்தான் குறிப்பிடுகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ‘கையால் ஒட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை’ என்று ஒருவர் சொன்னார். கையால் ஒட்டிய காலத்தில் இரண்டு நாள் பிடித்த வேலை இது. அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சமான நேரத்துக்கு இன்னும் இரண்டு அறிக்கைகளைத்தான் என் தலையில் கட்டினார்கள்.

அது கிடக்கட்டும். உங்கள் ஆறாவது படத்தின் உயரத்தை முதலில் பாருங்கள். அதுதான் மற்றவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.