நெரிசலான முகாம்களிலிருந்து அகதிகளை வேறு நாடுகளில் குடியேற்றும் பேச்சுவார்த்தைகள் எங்காவது பலித்திருக்கின்றனவா?

பலித்திருக்கின்றன. பணக்கார நாடுகள் மனம் இரங்கினால்தான் இது நடக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வியட்நாம் போர் முடிந்தபின் படகேறி நாட்டைவிட்டுத் தப்பிய ‘படகு அகதிகளின்’ கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அது சுத்தமான பேரம்.

மலேசியாவின் திரங்கானு கரைக்கு அப்பால் பூலாவ் பீடோங் என்றொரு சின்னத் தீவு. 1978 ஆகஸ்டில் அங்கே அவர்களுக்காக முகாம் திறந்தபோது 4,500 பேர் தங்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1979 ஜூனில் ஏறத்தாழ 40,000 பேர். தீவின் பெரும்பகுதி குன்று என்பதால் கரையோரச் சமதளத்திலேயே அத்தனை கூட்டமும் முடங்கியது. உடைந்த படகுகளின் பலகையையும் பிளாஸ்டிக் தாளையும் வைத்து அடுக்கடுக்காகக் குடிசை கட்டிக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் இனி ஒருவரையும் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். வந்த படகுகளை மறுபடி கடலுக்கே இழுத்துவிடுவதும் நடந்தது. கொடுமைதான். ஆனால் உள்ளே விட்டவர்கள் நிரந்தரமாகத் தங்கள் தலையில் விழுந்துவிடுவார்கள் என்ற அவர்களுடைய பயத்தையும் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஜூலை 20, 21 தேதிகளில் ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம் ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டுக்கு 65 நாடுகள் வந்தன. அகதிகளை ஏற்பதாக நாடுகள் தந்த வாக்குறுதி 1,25,000 இடங்களிலிருந்து 2,60,000 ஆனது. அதை நம்பி மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகள் தற்காலிகப் புகலிடம் தர இசைந்தன. இந்தோனேசியாவின் காலாங் தீவிலும் பிலிப்பைன்ஸின் பத்தானிலும் இடைத்தங்கல் முகாம்கள் வந்தன. அடுத்த 18 மாதங்களில் 4,50,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களை விட்டு வெளிநாடு போய்ச் சேர்ந்தார்கள். இவ்வளவு வேகமாக இப்படி ஒன்று நடந்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை.

சரி, இதில் வியட்நாம் கொடுத்தது என்ன? சட்டவிரோதமாக யாரும் கிளம்பாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டது. படகுகள் மளமளவென்று குறைந்தன. முகாமுக்கு வந்துவிட்டவருக்கு வழி பிறந்தது. இன்னும் கிளம்பாதவருக்குக் கதவு சாத்தப்பட்டது. விமானத்தில் முறையாக வெளியேற அந்த ஆண்டு மே மாதமே வியட்நாமும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆனால் அது சூடுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. மாநாட்டின் வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அப்புறம் பூட்டான். 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து விரட்டப்பட்ட, நேபாளி பேசும் லோட்ஷாம்பா மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேபாளத்தில் ஏழு முகாம்களில் கிடந்தார்கள். இரு அரசுகளும் பதினைந்து சுற்றுப் பேசியும் ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்ப முடியவில்லை. கடைசியில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உட்பட 8 நாடுகள் சேர்ந்து முன்வந்தன. 2007-இல் பதிவு தொடங்கி, 2015-க்குள் 1,00,000 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு. விரட்டிய பூட்டானுக்கு இதில் ஒரு செலவும் இல்லை. அதனால்தான் முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது: நாம் கையெழுத்துப் போட்டால் ஊர் திரும்பும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று. பெயர் கொடுத்தவர்களை மிரட்டியதும் உண்டு. திட்டம் முடிந்தபோது முகாம்களில் எஞ்சியவர்கள் சுமார் 6,500 பேர். போனால் பூட்டானுக்குத்தான் என்று கடைசிவரை விண்ணப்பமே போடாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.