தனியே போகிறவருக்கு ஸ்கூபா துணை

கேள்வி: குளிர்கால விடுமுறைக்குத் தனியாக வெளிநாடு போகிறேன். ஸ்கூபாவில் (சிலிண்டர் காற்றோடு முக்குளிப்பது) முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் உண்டு. கடலுக்குள் இறங்கத் துணை எப்படிக் கிடைக்கும்? அறிமுகமில்லாதவரை நம்பலாமா?

பதில்: டைவ் சென்டரில் பதிவு செய்யும்போதே தனியாக வருவதைச் சொல்லிவிடுங்கள். சான்றிதழ் நிலை, இதுவரை இறங்கிய எண்ணிக்கை, கடைசியாக இறங்கிய தேதி மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை வைத்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். படகிலேயே தங்கி முக்குளிக்கும் பயணமானால் இன்னும் நல்லது. ஒரே துணை பல நாள் கிடைப்பார், பழகிவிடும்.

நம்பலாம், ஆனால் கேட்டுவிட்டு. பெரும்பாலும் சிக்கல் வருவது சிலிண்டர் காற்றில். ஒருவர் வேகமாகக் காற்றைத் தீர்த்தால் இருவருமே மேலேறியாக வேண்டும். கேமராவோடு வருகிறவர் ஓரிடத்திலேயே நிற்பார். அதற்குச் சம்மதமா என்று யோசியுங்கள். உங்கள் சான்றிதழுக்கு ஆழ எல்லை 18 மீட்டர். அவர் 30 மீட்டர் போகிறவரானாலும் திட்டம் உங்கள் ஆழத்துக்குத்தான்.

இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பதை எவ்வளவு அவசரத்திலும் விடாதீர்கள். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் மானியைப் பார்த்தபடி நாலைந்து முறை மூச்சிழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. அவருடைய மாற்று ரெகுலேட்டர் (அவசரத்தில் மூச்சிழுக்கும் இரண்டாவது வாய்க்கருவி) எங்கே, மூழ்குவதற்காகக் கட்டிய எடைகளைக் கழற்றுவது எப்படி என்று தொட்டுப் பாருங்கள். சிலிண்டர் அழுத்தம் 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) இறங்கியதும் சைகை, 50 பார் மிச்சத்தோடு மேற்பரப்பு, பிரிந்தால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மெதுவாக மேலேறுவது: இதைப் படகிலேயே பேசி முடியுங்கள்.

குளிர்ந்த நீருக்கான தடித்த முக்குளிப்பு உடை அதிகம் மிதக்கும், கூடுதல் எடை வேண்டும். அதனால் எடை சரியா என்று பார்க்க முதல் இறக்கம் ஆழமில்லாத இடத்தில் இருக்கட்டும்.